சான்றிதழுக்கும் பேச்சுக்கும் இடையே ஜெர்மன்

ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "பி1 முடிக்க எத்தனை மாதம் ஆகும்?" என்றுதான். அப்படிக் கேட்பதில் தவறில்லை. விசா, வேலை, மனைவியையோ கணவரையோ அழைத்துக்கொள்வது, குடியுரிமை என்று ஒவ்வொரு வாசலிலும் அந்த நாடு பி1 போன்ற ஏதாவது ஒரு மொழித் தேர்ச்சிப் படியின் சான்றிதழைக் கேட்கிறது. ஆனால் சான்றிதழோடு போய் இறங்கியவர்களிடம் ஆறு மாதம் கழித்துப் பேசினால் வேறு கதை கேட்கலாம். ரொட்டிக் கடையில் கேட்ட சின்னக் கேள்வி பிடிபடவில்லை, சாப்பாட்டு நேரத்தில் உடன் வேலை செய்பவர்கள் பேசுவது புரியவில்லை, வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார் என்பார்கள். படித்ததற்கும் பேசுவதற்கும் ஏன் இவ்வளவு தூரம்? ஜெர்மன் மொழியை இரண்டாம் மொழியாகக் கற்பது பற்றி அரை நூற்றாண்டாக நடந்த ஆய்வுகளும், அந்த நாடு வகுத்த கொள்கைகளும் இந்தக் கேள்விக்கு நிறையவே பதில் சொல்கின்றன.

அயல்மொழியா, இரண்டாம் மொழியா?

ஜெர்மன் கல்வியுலகில் இதற்கு இரண்டு தனித் துறைகள் உண்டு. சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் உட்கார்ந்து படிப்பது 'அயல்மொழியாக ஜெர்மன்'. வகுப்பு முடிந்து தெருவுக்கு வந்தால் அந்த மொழி காதில் விழாது. டோர்ட்முண்டில் குடியிருந்துகொண்டு, வீட்டுக்காரரிடமும் மருத்துவரிடமும் பிள்ளையின் ஆசிரியரிடமும் பேசியாக வேண்டிய கட்டாயத்தில் கற்பது 'இரண்டாம் மொழியாக ஜெர்மன்'. முன்னதில் வகுப்பு மட்டுமே மொழிக்கு ஊற்று. பின்னதில் ஊரே ஊற்று, ஆனால் ஒழுங்காகச் சொல்லித்தர ஆள் இருக்கும் என்று சொல்ல முடியாது. இன்று தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் இரண்டையும் அடுத்தடுத்துக் கடக்கிறார். முதல் பாதி முடிந்ததுமே எல்லாம் முடிந்துவிட்டதாக நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

வகுப்பே இல்லாமல் கற்றவர்கள்

போருக்குப் பின் மேற்கு ஜெர்மனிக்கு ஆள் பற்றாக்குறை. 1955இல் இத்தாலியோடும், 1961இல் துருக்கியோடும், இடையிலும் பிறகும் வேறு நாடுகளோடும் ஒப்பந்தம் செய்து தொழிலாளர்களை அழைத்தார்கள். 1973இல் அந்த ஆள்சேர்ப்பு நின்றது. 'விருந்தினர் தொழிலாளர்' என்று பெயர் வைத்ததிலேயே கொள்கை தெரிந்துவிடும். சில ஆண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்பப் போகிறவர்களுக்கு மொழி எதற்கு? எனவே அந்த ஆண்டுகளில் அவர்களுக்கென்று அரசு வகுப்பு எதையும் முறையாக நடத்தவில்லை. அவர்களோ திரும்பவில்லை. தொழிற்சாலையிலும் தொழிலாளர் விடுதியிலும் காதால் கேட்டு ஒரு ஜெர்மன் பேசினார்கள்.

அந்த ஜெர்மனைத்தான் 1970களில் ஆய்வாளர்கள் பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் வொல்ஃப்காங் க்ளைன், நோர்பெர்ட் டிட்மார் ஆகியோர் நடத்திய ஆய்வு அதில் முன்னோடி. பிறகு 1980களில் க்ளைனும் க்ளைவ் பெர்டியூவும் ஐரோப்பிய அளவில் ஒரு திட்டத்தை நடத்தினார்கள். பஞ்சாபி, துருக்கி, அரபு உள்ளிட்ட ஆறு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு, சுவீடிஷ் ஆகிய ஐந்து மொழிகளைத் தாமாகக் கற்பதை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். வகுப்பில்லாமல் கற்கும் பெரியவர்கள் எந்த மொழியிலிருந்து வந்தாலும், எந்த மொழியைக் கற்றாலும், ஏறக்குறைய ஒரே மாதிரியான ஓர் 'அடிப்படை மொழி'யை உருவாக்கிக்கொள்கிறார்கள் என்று கண்டார்கள். அதில் வினைக்குக் காலமும் இடமும் காட்டும் விகுதி இருக்காது, வேற்றுமையும் இருக்காது. 'நேற்று நான் வேலை, நாளை வீடு' என்கிற மாதிரிப் பேச்சு. ஆனால் காரியம் நடக்கும். காரியம் நடந்துவிடுவதால்தான் அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், சொற்கள் பெருகினாலும் அமைப்பில் அதற்கு மேல் நகரவில்லை. ஒரு நாட்டில் பல ஆண்டு வாழ்ந்தால் மொழி தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையை இந்த முடிவு அசைக்கிறது.

அதே தலைமுறையில் மறுபக்கச் சாட்சியும் உண்டு. எமினே செவ்கி ஓஸ்தமார் 1965இல் துருக்கியிலிருந்து பெர்லினுக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். பிறகு நாடகத்துக்குள் நுழைந்து, ஜெர்மனிலேயே எழுதி, 2022இல் அந்த மொழியின் உயரிய இலக்கிய விருதான கியோர்க் ப்யூஷ்னர் பரிசைப் பெற்றார். அவருடைய நாவல் ஒன்றில் கதை சொல்லும் பெண் நாளிதழ்த் தலைப்புகளைப் பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்து, யார் என்ன கேட்டாலும் ஒரு தலைப்பையே பதிலாகச் சொல்கிறாள். வேடிக்கையாகத் தோன்றினாலும் முழு வாக்கியங்களை அப்படியே வாயில் ஏற்றிக்கொள்வது பயன் தரும் பயிற்சிதான்.

இலக்கணம் எந்த வரிசையில் வருகிறது?

இத்துறையில் அதிகம் விவாதிக்கப்பட்ட கண்டுபிடிப்பு சொல்வரிசை பற்றியது. ஹரால்ட் க்ளாசன், யூர்கன் மைசல், மன்ஃப்ரெட் பீனெமான் மூவரும் இத்தாலிய, ஸ்பானிய, போர்ச்சுகீசியத் தொழிலாளர்களின் பேச்சை ஆராய்ந்து 1983இல் வெளியிட்டார்கள். அதன்படி ஜெர்மன் சொல்வரிசை படிப்படியாகத்தான் வருகிறது. தமிழ்ச் சொற்களை ஜெர்மன் வரிசையில் அடுக்கினால் அந்தப் படிகள் விளங்கும்.

முதலில் எழுவாய், வினை, பிறகு மற்றவை: 'பிள்ளைகள் விளையாடுகிறார்கள் பந்தோடு'. அடுத்து காலமோ இடமோ முன்னே வருகிறது: 'அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்'. ஜெர்மனில் இது பிழை, ஆனால் எல்லோரும் இதைக் கடந்துதான் வருகிறார்கள். மூன்றாவது படியில் வினை இரண்டாகப் பிரிந்து ஒரு பகுதி கடைசிக்குப் போகிறது: 'பிள்ளைகள் வேண்டும் இப்போது வீட்டுக்குப் போக'. நான்காவதில் முன்னே வேறு சொல் வந்தால் வினை எழுவாயைத் தாண்டி இரண்டாம் இடத்துக்கு வந்துவிடுகிறது: 'நேற்று வாங்கினேன் நான் ஒரு புத்தகம்'. இதுதான் சரியான ஜெர்மன். ஐந்தாவதில் துணை வாக்கியத்தின் வினை கடைசிக்குப் போகிறது: 'அவர் சொல்கிறார், என தான் நாளை வீட்டுக்கு வருகிறார்'.

பீனெமான் இதை வகுப்பறையிலும் சோதித்தார். இரண்டாம் படியில் இருந்த பிள்ளைக்கு நான்காம் படியை முயன்று கற்பித்தும் பேச்சில் அது வரவில்லை. மூன்றாம் படியில் இருந்த பிள்ளைக்கு வந்தது. ஜெனீவாவில் எரிகா டீல் தலைமையிலான குழு, ஜெர்மன் படிக்கும் பிரெஞ்சு மொழிப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளை ஆராய்ந்து 2000இல் ஒரு நூல் வெளியிட்டது. பாடத்திட்டம் எந்த வரிசையில் இலக்கணத்தைச் சொல்லித் தந்தாலும் மாணவர் எழுத்தில் அது தன் வரிசையில்தான் வந்தது என்பது அவர்கள் கண்டது. வினை விகுதிகள் முன்னால் வர, வேற்றுமை கடைசியில் வந்தது. இரண்டாம் மாதமே நான்காம் வேற்றுமையில் மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விதியை அறிவதும் அது வாயில் வருவதும் ஒன்றல்ல.

இந்த முடிவுகளுக்கு மறுப்பும் உண்டு. இத்தாலியரும் ஸ்பானியரும் தம் மொழியிலேயே வினையை நடுவில் வைப்பவர்கள். அவர்களை வைத்து எல்லோருக்கும் விதி சொல்லலாமா? ஆன் வைனிக்காவும் மார்த்தா யங்-ஸ்கோல்டனும் 1990களில் துருக்கியரையும் கொரியரையும் ஆராய்ந்தபோது, அவர்கள் தொடக்கத்தில் தம் மொழியைப் போலவே வினையைக் கடைசியில் வைப்பதைக் கண்டார்கள். தாய்மொழி எங்கிருந்து புறப்பட வைக்கிறது என்பதும் முக்கியம் என்று இதனால் தெரிந்தது. தமிழரைப் பொறுத்தவரை இது கவனத்துக்குரியது. நம்முடைய வினையும் கடைசியில்தான் நிற்கிறது.

தமிழர்களுக்கு எது எளிது, எது கடினம்?

'ஏனென்றால் நான் நேற்று ஒரு புத்தகம் வாங்கியிருந்தேன்.' இந்த வாக்கியத்தின் வரிசையை மாற்றாமல் ஜெர்மன் சொற்களைப் போட்டால் பிழையற்ற ஜெர்மன் துணை வாக்கியம் கிடைத்துவிடும். ஆங்கிலேயர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் இடம் இது. குளிரைச் சொல்ல ஜெர்மானியர் நம்மைப் போல 'எனக்கு' என்றுதான் தொடங்குவர். 'மியர் இஸ்ட் கால்ட்' என்பது 'எனக்குக் குளிர்கிறது' என்பதன் அச்சு. 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்பதும் அப்படியே. செய்தித்தாள்களிலும் அரசுக் கடிதங்களிலும் 'நேற்று சென்னையிலிருந்து வந்த மனிதர்' என்பதுபோலப் பெயருக்கு முன்னே நீண்ட அடை வரும். நம் பெயரெச்சத் தொடரை அறிந்தவருக்கு அது இயல்பாகப் படும். 'சமையலறைக்கு' என்றால் நகர்வு, 'சமையலறையில்' என்றால் இருப்பு. ஜெர்மனும் இந்த வேறுபாட்டை வேற்றுமையால்தான் காட்டுகிறது. நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாட்டையும் நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. குறில் நெடிலில் நாம் பிறவியிலேயே தேர்ந்தவர்கள். 'ஷ்டட்' என்றால் நகரம், 'ஷ்டாட்' என்றால் அரசு. தமிழ்க் காது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாது.

ஆனால் நம் மாணவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே ஜெர்மனுக்குப் போகிறார்கள். விளக்கம் ஆங்கிலத்தில், குறிப்பேடு ஆங்கிலத்தில், அகராதியும் ஆங்கிலத்தில். விளைவு, 'எனக்குக் குளிர்கிறது' என்று தமிழில் சரியாகச் சொல்பவர், 'நான் குளிராக இருக்கிறேன்' என்று ஆங்கில வழியில் யோசித்து ஜெர்மனில் பிழை செய்கிறார். கையில் இருக்கும் பணத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டுக் கடன் வாங்குவது போன்ற காரியம் இது.

கடினமானவையும் உண்டு. முதலாவது பால். தமிழில் பால் பொருளைப் பொறுத்தது. ஜெர்மனில் சொல்லைப் பொறுத்தது. சாப்பாட்டு மேசையில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி நடுப்பால். 'மேட்ஷென்' என்றால் சிறுமி, ஆனால் சொல் நடுப்பால். இதில் விதியே இல்லை என்று சொல்வது மிகை. க்ளாவுஸ்-மிகாயேல் கோப்கே, டேவிட் ஸூபின் ஆகியோரின் ஆய்வு, ஓரசைச் சொற்களிலும் ஒலி, பொருள் சார்ந்த போக்குகள் இருப்பதைக் காட்டியது. ஈறுகள் இன்னும் உறுதியானவை. 'உங்', 'ஹைட்', 'கைட்', 'ஷாஃப்ட்' என்று முடிந்தால் பெண்பால், 'ஷென்' என்று முடிந்தால் நடுப்பால். மற்றவற்றை 'டெர், டீ, டாஸ்' என்ற முன்சொல்லோடு சேர்த்தே மனத்தில் ஏற்றுவதுதான் வழி. பால் தெரியாவிட்டால் வேற்றுமையும் நிற்காது, ஏனெனில் ஜெர்மன் பெரும்பாலும் அந்த முன்சொல்லைத்தான் 'டெர், டென், டெம், டெஸ்' என்று மாற்றி வேற்றுமை காட்டுகிறது.

அடுத்தது ஒலி. ரொட்டி சுடுவதற்கும் பெட்டி கட்டுவதற்குமான ஜெர்மன் வினைகள் முதல் எழுத்தின் அதிர்வில் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழில் எழுதினால் இரண்டுமே 'பக்கென்'. ஆகவே உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்கும் பழக்கம் உதவாது, ஒலிப்பதிவைக் கேட்டே பழக வேண்டும். நம் மொழியில் இல்லாத ஓர் உயிரொலிக்கு எளிய வழி உண்டு. வாயை 'ஊ' என்று குவித்துக்கொண்டு 'ஈ' சொன்னால் இரண்டு புள்ளி வைத்த 'ஊ' வந்துவிடும். அதேபோல 'ஓ' என்று குவித்து 'ஏ' சொன்னால் இரண்டு புள்ளி வைத்த 'ஓ'வும் வரும். சொல்லின் கடைசியில் மெய்கள் கூடி நிற்பதுதான் நம்மைக் காட்டிக்கொடுக்கும். இலையுதிர்காலத்துக்கான 'ஹெர்ப்ஸ்ட்' நம் வாயில் 'ஹெர்ப்ஸ்ட்டு' ஆகும். எண்களும் தடுமாற வைக்கும். இருபத்தொன்றை அவர்கள் 'ஒன்றும் இருபதும்' என்பார்கள். தொலைபேசியில் எண் சொல்லி எழுதவைக்கும்போது இதன் அருமை தெரியும்.

அரசு விழித்த காலம்

இலங்கை இனக்கலவரத்துக்குப் பின் 1980களில் ஜெர்மனிக்கும் ஸ்விட்சர்லாந்துக்கும் அடைக்கலம் தேடிப் போன ஈழத்தமிழர்களில் பலர் உணவகச் சமையலறைகளில்தான் ஜெர்மன் கற்றார்கள். அரசு அலுவலகக் கடிதம் வந்தால் பள்ளிக்குப் போகும் பிள்ளை மொழிபெயர்க்கும். பெற்றோர் பேச்சில் அடிப்படை மொழி நிற்க, பிள்ளைகள் அந்நாட்டுப் பிள்ளைகளாகவே பேசினார்கள்.

ஆனால் பேச்சு வந்துவிட்டால் பள்ளிமொழியும் வந்துவிடும் என்பதில்லை. 2001 இறுதியில் வெளியான, பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் முதல் பிசா தேர்வின் முடிவுகள் ஜெர்மனியை உலுக்கின. குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் வாசிப்பில் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். ஹம்புர்க் பேராசிரியர் இங்க்ரிட் கோகோலின் 1994லேயே எச்சரித்திருந்தார். பிள்ளைகள் பல மொழிகளோடு வர, பள்ளியோ ஒரே மொழி தெரிந்தவர்களுக்காகவே இயங்குகிறது என்பது அவர் வாதம். விளையாட்டுத் திடல் ஜெர்மன் வேறு, கணக்குப் பாடநூலின் ஜெர்மன் வேறு என்பது பிசா அதிர்ச்சிக்குப் பிறகே கொள்கைகளில் இடம்பெற்றது.

பெரியவர்களுக்கான மாற்றம் 2005 குடியேற்றச் சட்டத்தோடு வந்தது. ஒருங்கிணைப்பு வகுப்பு என்ற பெயரில் 600 பாடவேளை மொழிப் பாடம், சட்டம், வரலாறு, சமூகம் பற்றி இப்போது 100 பாடவேளை, இலக்கு பி1. கூடவே கட்டாயமும் வந்தது. 2007 முதல், சில விதிவிலக்குகள் தவிர, வாழ்க்கைத்துணையாக வருபவர் புறப்படும் முன்பே ஏ1 தேற வேண்டும். குடியுரிமைக்கு பி1. வேலை தேடிப் போக 2024 ஜூனில் வந்த வாய்ப்பு அட்டைக்குக் குறைந்தது ஜெர்மனில் ஏ1 அல்லது ஆங்கிலத்தில் பி2. செவிலியருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் பி2. இந்தியத் திறனாளர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி 2024இல் அறிவித்தபின் இந்தப் படிநிலைகள் நம் ஊர்ப் பேச்சிலும் சரளமாகிவிட்டன.

இந்தியப் பள்ளிகளில் நிலை அவ்வளவு சீராக இல்லை. கேந்திரிய வித்யாலயாக்களில் 2011 ஒப்பந்தத்தால் மூன்றாம் மொழியாக நுழைந்த ஜெர்மன், 2014 நவம்பரில் கல்வியாண்டின் நடுவிலேயே அந்த இடத்திலிருந்து நீக்கப்பட்டது. மொழிக் கொள்கை பற்றிய வாதம் ஒருபுறம் இருக்க, பாதியில் மொழியை மாற்றச் சொல்லப்பட்டது பிள்ளைகளைத்தான்.

சான்றிதழ் எதை அளக்கிறது?

ஏ1 முதல் சி2 வரையான ஆறு படிகளை ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்டது. 'இந்தச் சூழலில் இதைச் செய்ய முடிகிறதா' என்று அளப்பது அதன் நல்ல குணம். மாக்ஸ் முல்லர் பவன்களை நடத்தும் கெய்த்தே நிறுவனம் பி1க்கு 350 முதல் 650 பாடவேளைகளும், பி2க்கு 600 முதல் 800 பாடவேளைகளும் ஆகலாம் என்கிறது. ஒரு பாடவேளை 45 நிமிடம். ஏ1 சொற்பட்டியலில் சுமார் 650 சொற்கள், பி1 பட்டியலில் சுமார் 2,400. மூன்றே மாதத்தில் பி2 என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்களை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

தேர்வு எழுத்து, வாசிப்பு, கேட்டல், பேச்சு நான்கையும் அளக்கிறது. ஆனால் தேர்வறையில் கேட்பது தூய உச்சரிப்பு, தெரிந்த தலைப்பு, காத்திருக்கும் தேர்வாளர். வேலையிடத்தில் மூன்றுமே கிடைக்காது. மருத்துவர்களுக்கான துறைமொழித் தேர்வு இந்தக் குறையை ஓரளவு சரிசெய்கிறது. இருபது நிமிடம் நோயாளியிடம் விசாரிக்க வேண்டும், இருபது நிமிடத்தில் அதை எழுத வேண்டும், அடுத்த இருபது நிமிடம் மூத்த மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். நோயாளி வயிற்றுவலியைப் பேச்சுவழக்கில் சொல்வார், அறிக்கையில் மருத்துவச் சொல் வர வேண்டும், சக மருத்துவரிடம் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஒரே செய்தியை மூன்று மொழிநடையில் சொல்லத் தெரிவதுதான் மொழியறிவு. மற்றத் தொழில்களுக்கும் இப்படி அளந்தால் நல்லது.

இன்னொரு சிக்கல் வட்டார வழக்கு. பவேரியாவிலும் ஸ்வாபியாவிலும் கேட்கும் ஜெர்மன் பாடநூலில் இருக்காது. ஸ்விட்சர்லாந்தின் ஜெர்மன் பேசும் பகுதியில் எழுதுவதும் வாசிப்பதும் செந்தர ஜெர்மன், வீட்டிலும் கடையிலும் அலுவலகத்திலும் பேசுவது ஸ்விஸ் ஜெர்மன். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழுமாக வளர்ந்த நமக்கு இது புதுமையான ஏற்பாடு அல்ல. அதனால் மிரளத் தேவையில்லை. முதலில் செந்தரத்தில் கால் ஊன்றிக்கொண்டு, வழக்கைக் காதால் பிடித்துக்கொள்ளலாம். பதிலைச் செந்தரத்திலேயே சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பழக்கம் எங்கே கிடைக்கும்?

ஆய்வுகளில் பலவும் ஒன்றில் உடன்படுகின்றன. மொழி வாயில் ஏறப் போதிய அளவு கேட்கவும் வேண்டும், பிழையோடு பேசவும் வேண்டும். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியர் பர்த்தலோமியஸ் சீகன்பால்கு தமிழ் கற்கத் திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு மணலில் எழுதிப் பழகினார், பின்னர் தமிழில் நூல்கள் எழுதும் அளவுக்கு வளர்ந்தார். வழி இன்றும் மாறவில்லை, கருவிகள்தான் மாறியிருக்கின்றன. ஜெர்மன் அரசு நிதியில் இயங்கும் ஒலிபரப்பான டாய்ச்ச வெல்ல, நிக்கோ என்ற ஸ்பானிய இளைஞனின் கதையாக ஏ1 முதல் பி1 வரை இலவசக் காணொளிப் பாடம் தருகிறது. நிதானமாக வாசிக்கப்படும் செய்தியும் அதிலேயே கிடைக்கிறது. செய்தியைக் கேட்டு, வாக்கியத்தை நிறுத்தி, அதே வேகத்தில் திருப்பிச் சொல்வது செலவில்லாத பயிற்சி.

ஜெர்மனி போனபின் சங்கங்களில் சேர்வது பெரிய வாய்ப்பு. காற்பந்துக் கழகம், பாட்டுக்குழு, தன்னார்வத் தீயணைப்புப் படை என்று ஊருக்கு ஊர் சங்கம் வைத்து வாழும் நாடு அது. அங்கே யாரும் தேர்வு வைப்பதில்லை, வாரம் தவறாமல் அதே மனிதர்களோடு பேசலாம். உள்ளாட்சி நடத்தும் மக்கள் கல்விக்கூடங்களில் மாலை வகுப்புகள் உண்டு. இரு மொழிக்காரர்கள் தத்தம் மொழியைப் பண்டமாற்றாகச் சொல்லிக்கொடுக்கும் இணைக்கற்றலும் பரவலாக இருக்கிறது. எதிரே இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறினால், ஜெர்மனிலேயே பேசலாமா என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்வார்கள்.

முடிவாகச் சொல்ல இரண்டு உண்டு. பயிற்சி மையங்கள் ஆங்கிலத்தை மட்டும் நம்பாமல் தமிழ் இலக்கணத்தை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும். நான்காம் வேற்றுமையும் பெயரெச்சமும் வினையெச்சமும் அறிந்த மாணவரிடம் பாதிப் பாடம் ஏற்கெனவே இருக்கிறது. கற்பவர்களோ பி1, பி2 என்று தேதி குறிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், சான்றிதழ் வாங்கிய அடுத்த நாளிலிருந்து பேசக் கிடைக்கும் இடங்களைத் தேடிக்கொள்ள வேண்டும். சான்றிதழ் உங்களை ஜெர்மனிக்குள் அனுமதிக்கும். அங்கே உங்களை நிலைக்கவைப்பது நீங்கள் பிழையோடு தொடங்கி நாள்தோறும் பேசும் ஜெர்மன்தான்.